மூன்று சதவீதம்: நியூயார்க் பள்ளி மூடலில் பெற்றோரைக் கொதிக்க வைத்தது எது?

2020 நவம்பர் 18, புதன்கிழமை. நியூயார்க் மேயர் பில் டி பிளாசியோ காலை பத்து மணிக்கு நிருபர்களைச் சந்திப்பதாக இருந்தது. தள்ளிப்போட்டார்கள். மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். பிற்பகலில் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ தனியாக ஒரு பேட்டி கொடுத்தார். நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று கேட்ட நிருபர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நகரக் கல்வித்துறைத் தலைவர் ரிச்சர்ட் கரான்சாவின் மின்னஞ்சல் தலைமையாசிரியர்களுக்குப் போய்விட்டது: நாளை முதல் கட்டிடங்கள் மூடல். மேயர் ட்விட்டரில் உறுதி செய்தார். அப்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பல பள்ளிகளில் கடைசி மணி அடிக்க ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை.

அந்த வாரம் நேரடி வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகள் சுமார் 3 லட்சம். நகரப் பொதுப் பள்ளிகளின் மொத்த எண்ணிக்கை 11 லட்சத்தை ஒட்டியது. மீதிப் பேர் ஏற்கெனவே முழு ஆன்லைனில் இருந்தார்கள்.

மூடியது சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை. பெற்றோரை நிஜமாகவே கொதிக்க வைத்தது, முடிவு வந்து சேர்ந்த விதம். எந்த எண்ணை வைத்து, யார், எத்தனை மணிக்கு, எத்தனை நாளுக்கு மூடுகிறார், எது நடந்தால் திறப்பார்: இந்த ஐந்தும் சேர்ந்து ஒரே தாளில் ஒருமுறைகூட வரவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறென்ன இருக்கிறது?

முதலில் எண். 2020 ஜூலை 31 அன்று மேயர் அறிவித்த விதி இதுதான்: நகரம் முழுக்க எடுக்கப்படும் கோவிட் பரிசோதனைகளில் பாசிட்டிவ் வருபவர்களின் விகிதம், ஏழு நாள் சராசரியில் 3 சதவீதத்தைத் தொட்டால் பள்ளிகள் மூடப்படும். அதே மாதம் மாநிலம் வேறொரு விதி போட்டிருந்தது. 14 நாள் சராசரி 5-க்குக் கீழே இருந்தால் திறக்கலாம், ஏழு நாள் சராசரி 9-ஐத் தாண்டினால் மூட வேண்டும். ஆக, ஒரே ஊருக்கு இரண்டு கோடுகள். நகரத்தின் கோடு ஆசிரியர் சங்கத்துக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு கறாராக இருந்ததால்தான் பலர் வகுப்புக்குத் திரும்பவே சம்மதித்தார்கள். அதனால் கோட்டைக் கறாராகப் போட்டதில் குறை சொல்ல மாட்டேன். அதை எப்படிக் கணக்கிடுவது என்று பெற்றோருக்கு விளங்கச் சொல்லாததுதான் குறை.

பாசிட்டிவ் விகிதம் கேட்கத்தான் எளிது. நாளொன்றுக்கு 60,000 பரிசோதனை, 1,800 பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சரியாக 3.00. பயணம் போகும் முன் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று உடம்புக்கு ஒன்றுமில்லாத 4,000 பேர் கூடுதலாக வரிசையில் நின்று, எல்லாருக்கும் நெகட்டிவ் வந்தால் விகிதம் 2.81-க்கு இறங்கிவிடும். நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்று நிஜமாகவே, பலர் ஊருக்குப் பயணம் போகும் நன்றி தெரிவிக்கும் நாள் (Thanksgiving) விடுமுறைக்கு முந்தைய வாரம். பரிசோதனை மையங்களின் வாசலில் வரிசை தெருமுனைவரை நின்றது.

ஏழு நாள் சராசரியில் இன்னொரு சிக்கல். ஆறு நாள் தினம் 60,000 பரிசோதனை, 2.9 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு: 20,000 பரிசோதனை, ஆனால் 4 சதவீதம். ஏழு சதவீதங்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் 3.06. மூட வேண்டும். ஏழு நாள் பாசிட்டிவ்களை எல்லாம் கூட்டி ஏழு நாள் பரிசோதனைகளால் வகுத்தால் 3,80,000-க்கு 11,240, அதாவது 2.96. திறந்திருக்கலாம். தரவு ஒன்றே, வகுக்கும் முறை மட்டும் வேறு. இது நான் போட்ட உதாரணக் கணக்குதான். ஆனால் இப்படித் தசம இடத்தில் தொங்கும் விதியைப் போடுகிறவர் வகுக்கும் முறையையும் விதிக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

நகரமும் மாநிலமும் ஒரே எண்ணைச் சொல்லாததற்கும் இப்படிப்பட்ட காரணம்தான். நகரம், மாதிரி எடுத்த தேதியை வைத்து எண்ணியது. மாநிலம், ஆய்வகத்திலிருந்து முடிவு வந்த தேதியை வைத்து எண்ணியது. ஆய்வகம் இரண்டு மூன்று நாள் தாமதித்தால், மாதிரித் தேதிப்படி எண்ணுகிறவரின் பழைய எண்கள் பின்னால் மாறிக்கொண்டே இருக்கும். நவம்பர் 18 அன்று நகரத்தின் கணக்கில் 3 வந்துவிட்டது, மாநிலத்தின் கணக்கில் வரவில்லை. ஆளுநர் நிருபர்களிடம் குழப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். தொலைக்காட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு எண் சொன்னால், பார்க்கிற பெற்றோர் இரண்டையும் நம்ப மாட்டார்கள்.

பள்ளிகளுக்குள்ளேயே நடந்த பரிசோதனையில் பாசிட்டிவ் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணுக்கு விதியில் இடமே இல்லை. உணவகங்கள் உள்ளே 25 சதவீத இருக்கைகளோடு நடந்துகொண்டிருந்தன, ஜிம்களும் திறந்திருந்தன. “சாப்பாட்டுக் கடைக்கு ஒரு நியாயம், ஒண்ணாம் கிளாஸுக்கு ஒரு நியாயமா?” என்று பெற்றோர் கேட்டதில் என்ன தப்பு? பதில் சட்டத்தில் இருந்தது. உணவகத்தை மூடும் கயிறு ஆளுநர் கையில், பள்ளியை மூடும் கயிறு மேயர் கையில். மேயரால் எட்ட முடிந்ததை அவர் இழுத்தார். இதை அன்றைக்கே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது அம்பலமாகிவிடும். இருவருக்கும் அதில் விருப்பமில்லை என்பது என் ஊகம்.

இந்த இழுபறி நவம்பரில் முளைத்ததல்ல. ஏப்ரல் 11 அன்று, கல்வியாண்டு முடியும்வரை பள்ளி கிடையாது என்று மேயர் அறிவித்தார். சில மணி நேரத்தில் ஆளுநர், அது மேயரின் கருத்து, முடிவெடுக்கும் அதிகாரம் தன்னுடையது என்றார். மே 1 அன்று மாநிலம் முழுக்க அதே முடிவை அவரே அறிவித்தார். அக்டோபரில் இன்னும் மோசம். புரூக்ளின், குவீன்ஸ் பகுதிகளில் தொற்று ஏறிய ஒன்பது அஞ்சல் குறியீடுகளில் புதன் முதல் பள்ளிகளை மூடலாம் என்று அக்டோபர் 4, ஞாயிறு அன்று மேயர் முன்மொழிந்தார். திங்களன்று ஆளுநர் அதை ஒரு நாள் முன்னால் இழுத்து, செவ்வாயே மூடச் சொன்னார். அந்தச் செவ்வாயன்றே அவர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று புது மண்டல வரைபடம் வெளியிட்டார். அதன் எல்லைகள் அஞ்சல் குறியீட்டோடு பொருந்தவில்லை. தெருவின் இந்தப் பக்கம் பள்ளி உண்டு, அந்தப் பக்கம் இல்லை. மூன்று நாளில் மூன்று பதில்.

கிழமைகளைக் கவனித்தீர்களா? முதல் மூடல் அறிவிப்பு 2020 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் காலையே பள்ளி இல்லை. மண்டல மூடல் பேச்சு ஞாயிறு. நவம்பர் 29-இல் வந்த மறுதிறப்பு அறிவிப்பும் ஞாயிறு. நவம்பர் 13 மட்டும் வெள்ளி. அன்று வானொலியில் மேயர், திங்கட்கிழமையே மூடப்படலாம், மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். திங்கள் மூடவில்லை. செவ்வாயும் மூடவில்லை. மூன்று காலையும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்ட வேண்டியிருந்தது. எண் எந்த நேரத்தில் வரும், வந்தால் எத்தனை மணிக்குள் முடிவு தெரியும் என்பதற்கு உறுதியான கால அட்டவணை எதுவும் பெற்றோர் கையில் இல்லை. மாலை ஆறு மணிக்குள் சொல்லாவிட்டால் நாளை பள்ளி நிச்சயம் உண்டு என்று ஒரு வரி இருந்திருந்தால் பாதி ஆத்திரம் அடங்கியிருக்கும். தாதி வேலை பார்க்கிறவருக்கும் பேருந்து ஓட்டுகிறவருக்கும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஓர் இரவாவது வேண்டாமா?

செப்டம்பர் தொடக்கமும் இதே கதை. செப்டம்பர் 10 திறப்பதாக இருந்தது. ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் பற்றிப் பேசத் தொடங்கியதும், செப்டம்பர் 1 அன்று அது 21-க்குத் தள்ளிப்போனது. 17-ஆம் தேதி, அதாவது நான்கே நாள் முன்னால், மறுபடி தள்ளிப்போனது: மழலை வகுப்புகளும் சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கான மாவட்டம் 75-உம் மட்டும் 21, தொடக்கப் பள்ளிகள் 29, நடுநிலையும் உயர்நிலையும் அக்டோபர் 1. காரணம் ஆள் பற்றாக்குறை. ஒரே வகுப்பில் பாதிப் பேர் வகுப்பறையில், பாதிப் பேர் வீட்டில் என்றால் ஒரு ஆசிரியர் போதாது. நேரடிக்கு ஒருவர், ஆன்லைனுக்கு ஒருவர் வேண்டும். இது ஜூலையிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய கணக்கு.

எனக்கு மிக அநியாயமாகப் படுவது வேறொன்று. நேரடி வகுப்பிலிருந்து ஆன்லைனுக்கு எப்போது வேண்டுமானாலும் மாறலாம், திரும்பி வர ஒவ்வொரு காலாண்டிலும் வாய்ப்பு உண்டு என்று கோடையில் சொன்னார்கள். அக்டோபர் 26 அன்று அதை மாற்றினார்கள்: திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்பு, நவம்பர் 2 முதல் 15 வரை. இப்போது சேராவிட்டால் இந்தக் கல்வியாண்டு முழுக்க ஆன்லைன்தான் என்றார்கள். பெற்றோர் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, 15-ஆம் தேதி ஞாயிறு இரவுக்குள் படிவத்தை நிரப்பினார்கள். மூன்றாம் நாள் மொத்தமும் மூடல் என்று அறிவிப்பு வந்தது. இனி வாய்ப்பே இல்லை என்று சொன்ன அதே துறை, 2021 மார்ச் கடைசியில் இன்னொரு வாய்ப்பைத் திறந்தது. கடைசித் தேதி என்று அவர்கள் எதைச் சொன்னாலும் அதன் பிறகு யார் நம்புவார்கள்?

மூன்று சதவீத விதிக்கு மூடும் வாசல் இருந்தது, திறக்கும் வாசல் இல்லை. 3-க்குக் கீழே எத்தனை நாள் இருந்தால் திறப்பார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நவம்பர் 29 அன்று மேயர் அந்த விதியையே கைவிட்டார். டிசம்பர் 7 முதல் மழலையிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை, 10 முதல் மாவட்டம் 75. ஒவ்வொரு பள்ளியிலும் வாரந்தோறும் 20 சதவீதம் பேருக்குப் பரிசோதனை, சம்மதப் படிவம் கட்டாயம். அப்போது நகரத்தின் விகிதம் 3-ஐத் தாண்டித்தான் இருந்தது. நடுநிலைப் பள்ளிகள் 2021 பிப்ரவரி 25-இலும், உயர்நிலைப் பள்ளிகள் மார்ச் 22-இலும்தான் திறந்தன. இடையில் கரான்சா பதவி விலகி, மீஷா போர்ட்டர் வந்துவிட்டார்.

நகர விதிக்குக் கீழே பள்ளிக்குப் பள்ளி வேறொரு விதியும் ஓடியது. இரு வேறு வகுப்பறைகளில் இரண்டு பேருக்குத் தொற்று, இருவருக்கும் எங்கிருந்து வந்தது என்று தொடர்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கட்டிடம் முழுக்க மூடல்: முதலில் 14 நாள், பிறகு 10 நாள். நியூயார்க்கில் ஒரே கட்டிடத்தில் இரண்டு மூன்று பள்ளிகள் இருப்பது சாதாரணம். மூன்றாம் மாடிப் பள்ளியில் ஒருவர், முதல் மாடிப் பள்ளியில் ஒருவர் என்றாலும் எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். பாசிட்டிவ் வந்ததும் தலைமையாசிரியர் ‘சிச்சுவேஷன் ரூம்’ என்ற மைய அறைக்குச் சொல்ல வேண்டும். தொடர்பு தேடுகிற வேலை அங்கே நடக்கும். அங்கிருந்து பதில் வரும்வரை தலைமையாசிரியர் தானாக அறிவிக்க முடியாது. கடிதம் ராத்திரி வந்து சேர்ந்ததன் ரகசியம் இதுதான். தலைமையாசிரியரைத் திட்டிப் பயனில்லை. தொற்று பரவலாகும்போது தொடர்பு கண்டுபிடிப்பது மேலும் கடினமாகும். ஆகவே, பள்ளிக்குள் பரவாமலே கட்டிடங்கள் வரிசையாக மூடும். இந்த விதியின் அடிப்படைக் கோளாறு அது. 2021 ஏப்ரலில்தான் மாற்றினார்கள்: ஏழு நாளுக்குள் வெவ்வேறு வகுப்பறைகளில் நான்கு அல்லது அதற்கு மேல், அதுவும் பள்ளிக்குள்ளேயே தொற்றியது என்று தெரிந்தால் மட்டும்.

மொழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நகரக் கல்வித்துறை அப்போது ஆங்கிலம் தவிர ஒன்பது மொழிகளில் கடிதங்களை மொழிபெயர்த்தது: அரபி, வங்காளம், சீனம், பிரெஞ்சு, ஹைத்திய கிரியோல், கொரியம், ரஷ்யம், ஸ்பானியம், உருது. தமிழ் இல்லை. எழுத்தில் இல்லாத மொழிகளுக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி வழியாகக் கேட்டு வாங்கலாம். கேட்காமல் தர மாட்டார்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு ஆங்கில ட்வீட்டாகப் பிறக்கிற முடிவுக்கு ஒன்பது மொழியும் உதவாது. மொழிபெயர்ப்பு வருவதற்குள் மறுநாள் விடிந்துவிடும்.

ஒழுங்காக நடந்த ஒன்றும் உண்டு: சாப்பாடு. 2020 மார்ச்சிலிருந்து 400-க்கும் மேற்பட்ட பள்ளி வாசல்களில் இலவச உணவுப் பொட்டலம். பதிவு வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம். அதே துறைதான் இதையும் நடத்தியது.

மூடல் கடிதமும் அவ்வளவு எளிதாக இருந்திருக்கலாம். இப்படி:

“நவம்பர் 19, வியாழன் முதல் எல்லாப் பள்ளிக் கட்டிடங்களும் மூடப்படும். காரணம்: மாதிரித் தேதிப்படி நகரத்தின் ஏழு நாள் சராசரி 3.0. முடிவெடுத்தவர்: மேயர். குறைந்தது டிசம்பர் 4 வரை. அந்த வாரம் இன்ன நிலை இருந்தால் தொடக்கப் பள்ளிகள் முதலில் திறக்கும். இல்லையென்றால் டிசம்பர் 2 மாலை 5 மணிக்கு அடுத்த தகவல். கணினி இல்லாதவர்கள் இன்று மாலை 6 மணிவரை பள்ளியில் வாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு நாளை காலை 9 மணி முதல் பள்ளி வாசலில்.”

இதில் டிசம்பர் தேதிகளும் நேரங்களும் நான் மாதிரிக்குப் போட்டவை. முக்கியமானது, “அடுத்த தகவல் எப்போது” என்ற வரி. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் சொன்ன நேரத்தில் ஒரு கடிதம் வந்தால், பெற்றோர் மணிக்கு ஒருமுறை ட்விட்டரைத் தோண்ட மாட்டார்கள்.

இனி, இப்படி மாட்டிக்கொண்டால் பெற்றோர் செய்யக்கூடியது. நியூயார்க்கில் மற்ற ஊர்களைப் போல மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து முழு அதிகாரம் கொடுத்த பள்ளி வாரியம் கிடையாது. 2002 முதல் மேயர் கட்டுப்பாடு. துறைத் தலைவரை நியமிப்பவர் மேயர், கல்விக் கொள்கைக் குழுவில் பெரும்பான்மையை நியமிப்பவரும் அவரே. 32 மாவட்டங்களிலும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் கவுன்சில்கள் உண்டு. பள்ளி எல்லைகள் தவிர மற்ற விஷயங்களில் அவை ஆலோசனைதான் சொல்ல முடியும். மூடலை வாக்கெடுப்புக்கு விடுகிற மேடையே இல்லை என்பதால், அந்தக் கூட்டங்களில் இரண்டு நிமிடம் கத்திவிட்டு வருவதோடு நிறுத்தக் கூடாது. மேயர் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் புதுப்பிப்பது மாநிலச் சட்டமன்றம். 2022-இலும் 2024-இலும் இரண்டிரண்டு ஆண்டுக்கு நீட்டித்தார்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் காது கேட்பது அந்த மாதங்களில்தான்.

பள்ளி இணையக் கணக்கை அமைதியான நாளிலேயே திறந்துவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் ஒன்பது இலக்க எண்ணும், பள்ளி தரும் கணக்குத் தொடக்கக் குறியீடும் வேண்டும். அந்தக் குறியீட்டுக்காகப் பள்ளி அலுவலகத்தை எல்லாரும் ஒரே நாளில் முற்றுகையிட்டால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். நகரத்தின் தரவுப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். எண்கள் பின்னால் மாறும். முடிவெடுத்த அன்று திரையில் இருந்தது என்ன என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.

சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளை என்றால் இது இன்னும் முக்கியம். பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி சிகிச்சை எல்லாம் வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், எத்தனை பேர் குழு என்று திட்டத்தில் எழுதியிருக்கும். ஒரு நோட்டில் தேதி, வர வேண்டிய நிமிடம், வந்த நிமிடம், நேரிலா திரையிலா என்று நான்கு பத்தி போட்டு எழுதிவையுங்கள். “நிறைய தவறிப்போச்சு” என்றால் நகராது. “இத்தனை அமர்வு, இத்தனை நிமிடம்” என்றால் ஈட்டுச் சேவை கேட்கலாம். தர மறுத்தால் விசாரணை கோர இரண்டு ஆண்டு அவகாசம்.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமா? மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். “ஏன் மூடினீர்கள்?” என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். “நவம்பர் 13 முதல் 18 வரை ஏழு நாள் சராசரியைக் கணக்கிட்ட அட்டவணைகள், வகுக்கும் முறையை விளக்கும் குறிப்புகள், தலைமையாசிரியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், அனுப்பிய நேரத்தோடு” என்று தேதி வரம்பு போட்டுக் கேளுங்கள். ஐந்து வேலை நாளுக்குள் தர வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது மனு கிடைத்ததென ஒப்புகை தர வேண்டும். ஒப்புகைக்குப் பின் 20 வேலை நாளில் முடியாவிட்டால், காரணத்தோடு ஒரு குறிப்பிட்ட தேதி சொல்ல வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்குப் பத்து வேலை நாளில் பதில். துறை தேதியை நீட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு நீட்டிப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராமலே கெடு தாண்டினால் அதையே மறுப்பாகக் கருதி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அந்தக் கடிதங்கள்தான் ஆதாரம்.